சாய்க்கக் கூடாத பெட்டி

ஏழு வருடம் நான் ஒரு விமானத்துக்குப் படம் வரைந்தேன். அந்த விமானம் கடைசிவரை செய்யப்படவில்லை.

ஓசூர் தொழிற்பேட்டையில், பைக்குகளுக்குப் பாகம் செய்யும் இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில் எங்கள் ஷெட் இருந்தது. இரண்டு பக்கமும் பிரஸ் மிஷின் அடிக்கிற அடியில் மேஜைமேல் வைத்த தண்ணீர் பாட்டில் நடுங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே முப்பத்தெட்டுப் பேர் இருந்தோம். பெங்களூரில் நெடுங்காலம் விமானங்களை வடிவமைத்துவிட்டு அந்த வேலையை விட்டு வந்த ஒருவர் எங்களுக்குத் தலைவர். அவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிட்டோம். நான் கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் முடித்து, கம்ப்யூட்டரில் படம் போடத் தெரியும் என்ற ஒரே தகுதியோடு அங்கே சேர்ந்தேன். சாமல்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். விமானக் கம்பெனியில் வேலை என்று சொன்னபோது அப்பா, "டிக்கெட்டு கிழிக்கிற வேலையா பாப்பா?" என்று கேட்டார்.

எங்கள் விமானம் சின்னது. வாலருகே இரண்டு ஜெட் இன்ஜின்கள், உள்ளே பதினான்கு இருக்கைகள். சராசரி உயரமுள்ள ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. என்னால் முடியும். அதனால் யாராவது பார்க்க வந்தால் சார் என்னைத்தான் நடுவில் நிற்க வைப்பார். நிற்க வைப்பார் என்று சொல்கிறேனே, அது நிஜ விமானத்தில் அல்ல. ஷெட்டின் நடுவே மரத்திலும் பிளைவுட்டிலும் முழு அளவில் செய்த ஒரு மாதிரி இருந்தது. இறக்கை கிடையாது, வால் கிடையாது. பயணிகள் உட்காரும் குழாய் மட்டும். பக்கவாட்டில் கதவு, வரிசையாக ஜன்னல்கள். ஜன்னலுக்கு வெளியே எங்கள் ஷெட்டின் தகரச் சுவர் தெரியும்.

அதைச் செய்தவர் எங்கள் கார்ப்பெண்டர் அண்ணன். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, ஷெட்டில் தமிழ், சாருக்குக் கோபம் வந்தால் சமாதானம் சொல்லக் கன்னடம். ஐம்பதைத் தாண்டியிருந்தார். மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீடு. ஒரே மகன் ராணுவத்தில். நானும் அப்போது மூக்கண்டப்பள்ளியில்தான் இரண்டு பெண்களோடு ஒரு அறையில் இருந்தேன். காலையிலும் சாயங்காலமும் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பார்.

நான் சேர்ந்த மூன்றாவது வருடம், வரும் என்று நம்பியிருந்த அரசாங்க ஆர்டர் வராது என்று தெரிந்தது. சார் எங்களை மரத்தாலான அந்த மாதிரிக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். "பிளேன் ஒண்ணுதான்ப்பா," என்றார். "உள்ள இருக்கறத மாத்தினா அது வேற பிளேன். வேற ஆளுங்க வாங்குவாங்க."

அன்றிலிருந்து எங்கள் வேலை, அந்தக் குழாய்க்குள் என்னவெல்லாம் வைக்கலாம் என்று யோசிப்பதாக ஆனது.

முதலில் சின்ன ஊர்களுக்கு விமானம். ஓசூருக்கு விமான நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் எப்போதும் உண்டு. சேலம், மைசூர், புதுச்சேரி என்று சார் சுவரில் ஒட்டிய வரைபடத்தில் சிவப்பு நூல் கட்டினார். பார்க்க வந்தவர்களுக்காக நாங்கள் பதினான்கு பேர் பெல்ட் போட்டுக்கொண்டு பயணிகளாக உட்கார்ந்தோம். பிறகு ஆம்புலன்ஸ். ஸ்ட்ரெச்சரில் என்னைப் படுக்க வைத்தார்கள். ஒரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கொக்கி தன் தலையில் இடிக்கிறது என்றார். பிறகு ராணுவத்துக்கு. இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டு, முதுகில் மணல் மூட்டை கட்டி எட்டுப் பேர் உட்கார்ந்தோம். எழுந்திருக்கச் சொன்னபோது மூன்று பேரால் எழுந்திருக்க முடியவில்லை. பிறகு கடலைக் கண்காணிக்கும் விமானம். பிறகு ரோஜாப்பூ. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்ப்பவர் ஒருவர் வந்து, பூப்பெட்டிகளை எப்படி அடுக்குவோம் என்று பார்த்தார். "பூ போற வேகத்துக்கு இங்க ஆம்புலன்ஸே போறதில்ல சார்," என்று சிரித்துவிட்டுப் போனார். பிறகு அவர் வரவில்லை.

யாருமே மறுபடி வரவில்லை. வந்து பார்ப்பார்கள், டீ குடிப்பார்கள், நல்ல முயற்சி என்பார்கள். ஒவ்வொரு தடவையும் கார்ப்பெண்டர் அண்ணன் பழையதைப் பிரித்து எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துவார். பிளைவுட்டில் ஆணி அடித்த ஓட்டைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பார். ஓட்டைகள் கூடிக்கொண்டே போயின. ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஆறாவது வருடம் நாங்கள் இருபத்திரண்டு பேர்.

அப்போதுதான் சார் எல்லோருக்கும் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார். ஆளுக்கு ஒரு உபயோகம் எழுதித் தரவேண்டும். இதுவரை யாரும் சொல்லாததாக இருக்க வேண்டும். டிரைவரில் இருந்து அக்கவுண்டன்ட்வரை எல்லோரும் எழுத வேண்டும்.

நான் எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படித்தபோது, எங்கள் ஊரில் ஒரு ராணுவ வீரர் இறந்துபோனார். சண்டையில் இல்லை. வடக்கே மலைப்பாதையில் அவர் போன வண்டி உருண்டுவிட்டது. ஊர்ப் பகுதியில் நிலம் வைத்திருக்கும் குடும்பம் அவர்களுடையது. உடல் நாளைக்கே வந்துவிடும் என்று சேதி வந்தது. எங்கள் தெருக்காரர்களைச் சாவு என்றால்தான் முதலில் கூப்பிடுவார்கள். அப்பா போய் அவர்கள் நிலத்தின் ஓரத்தில் குழி வெட்டிவிட்டு வந்தார். ராத்திரி மழை பெய்து குழி நிறைந்துவிட்டது. காலையில் அப்பா குடத்தால் தண்ணீரை இறைத்தார். அன்றைக்கும் உடல் வரவில்லை. விமானம் மாற வேண்டும், இடம் இல்லை, நாளைக்கு என்றார்கள். மறுபடி மழை. அப்பா மறுபடி இறைத்தார்.

அந்த வீரரின் அம்மா தெருமுனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றார். இரண்டாம் நாளும் எழுந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ராணுவ லாரி வந்து நின்றபோது அவர் எழுந்திருக்கவில்லை. யாரோ தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

அதனால் நான் எழுதினேன்: இறந்த வீரர்களை ஒரே நாளில் வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் விமானம். சின்ன ஓடுபாதையில் இறங்கும். வழியில் எங்கும் மாற வேண்டாம்.

சார் எல்லாத் தாள்களையும் வாய்விட்டுப் படித்தார். என்னுடையதைப் படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இதை யாரும் யோசிச்சிருக்க மாட்டாங்க," என்றார். "இது செய்யலாம். இத வேண்டாம்னு யாராலயும் சொல்ல முடியாது."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆறு வருடத்தில் சார் என் பெயரைச் சொல்லிப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையோடு திரும்பிப் பார்த்தபோது கதவருகே கார்ப்பெண்டர் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவர் மகன் எல்லையில் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். அவன் அனுப்பும் போட்டோக்களைப் போனில் எனக்குக் காட்டுவார். ஆனால் அந்தத் தாளில் எழுதும்போது அவன் நினைவு எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

"பொட்டி எவ்ளோ நீளம் வேணும்?" என்று மட்டும் அவர் கேட்டார்.

அளவை எடுத்துக்கொண்டு நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். பெட்டி உள்ளே போவது கஷ்டமாக இருந்தது. கதவு சின்னது. கதவுக்கு நேர் எதிரே தண்ணீரும் சாப்பாடும் வைக்கும் அலமாரி. நீளமான பெட்டி கதவைத் தாண்டியதும் திரும்ப இடமில்லை. தலைப்பக்கத்தை முப்பது டிகிரி தூக்கி, திருப்பி, மெல்ல இறக்கினால் உள்ளே போய்விடும் என்று கண்டுபிடித்தேன். அரைநாள் வேலை. படத்தை அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன்.

பத்து நிமிடத்தில் அந்தத் தாளோடு என் மேஜைக்கு வந்தார்.

"இன்னாம்மா இது? பொட்டியச் சாச்சி வச்சிருக்க."

"அப்பிடித்தாண்ணா உள்ள போவும். முப்பது டிகிரி தூக்கினா வாசல் தாண்டிடும்."

"தூக்கினா உள்ள இருக்கறவன் கால்மாட்டுக்குச் சரிய மாட்டானா?"

"பெல்ட்டு போட்டுக் கட்டியிருப்பாங்கண்ணா. அசையாது."

அவர் என்னையே பார்த்தார். "மூட்டையாம்மா அது?" என்றார்.

தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் எனக்கு இடம் இல்லை. மறுநாளும் இல்லை. பன்னிரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் எதற்கு என்று கேட்டால், உன் மகனை நினைக்காமல் எழுதிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

வழியைக் கண்டுபிடித்தவர் அவர்தான். ஒருநாள் காலை நான் போனபோது மாதிரிக்குள் கதவுக்கு எதிரே இருந்த அலமாரியை ரம்பத்தால் அறுத்து எடுத்திருந்தார். சாரைக் கூப்பிட்டுக் காட்டினார். "இது இல்லன்னா மட்டமாவே திரும்பும் சார். நாலு பேர் தூக்கினா போதும். எங்கயும் சாய்க்கத் தேவையில்ல." சார் டேப் வைத்து அளந்தார். சரியாக இருந்தது. நான் அலமாரியைப் பின்பக்கம் நகர்த்தி எல்லாப் படங்களையும் திருத்தினேன்.

பெட்டியை அவர் செய்த விதம் எல்லோரையும் சங்கடப்படுத்தியது. மாதிரிக்குத்தானே, நாலு பலகை அடித்தால் போதும் என்றார் சார். அண்ணன் கேட்கவில்லை. விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். நாலு பக்கமும் கைப்பிடி வைத்தார். இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்தார். மதியம் அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போனார்கள்.

பதின்மூன்றாம் நாள் அவரே என்னிடம் வந்தார்.

"பையன் லீவுல வந்துக்கிறான். நாளைக்கு இங்க வரேன்றான். அப்பா செஞ்ச பிளேன பாக்கணுமாம்." குரலைத் தாழ்த்தினார். "பொட்டி இன்னான்னு கேட்டா, மெஷின் வைக்கிற பொட்டின்னு சொல்லிடும்மா."

"சரிண்ணா," என்றேன்.

மகன் சனிக்கிழமை மதியம் வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். அப்பாவைவிட உயரம், கதவில் குனிந்துதான் நுழைந்தான். என்னை அக்கா என்று கூப்பிட்டான். ஜன்னல்களைத் தொட்டுப் பார்த்தான். அப்பா அவனுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். இது ஆம்புலன்ஸ் வச்ச எடம், இங்க பெஞ்சு போட்டோம், இங்க ரோசாப்பூ. அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். பிறகு பெட்டியைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"மெஷின் வைக்கிறதுக்கு," என்றேன் நான், அவன் கேட்பதற்கு முன்பே.

அவன் குனிந்து கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தான். "மெஷினுக்கு எதுக்குக்கா ஆறடி?" என்றான். கோபம் இல்லை. பெட்டிக்கு முன்னும் பின்னும் நடந்து பார்த்தான். பிறகு, "கூட வர்றவன் எங்க உக்காருவான்?" என்று கேட்டான்.

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ஒருத்தன் கூட வருவான்க்கா. எப்பவும் வருவான். யூனிட்ல இருந்து ஒரு ஆள அனுப்புவாங்க, வூடு வரைக்கும். அவனுக்கு சீட்டு எங்க?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று அண்ணன் கேட்டார்.

"நான் போயிருக்கன்ப்பா."

"எங்க போன?"

"போன வருஷம். என்கூட ஒரே பேரக்ஸ்ல இருந்தவன். மதுரைப் பக்கம். வண்டியில ஏர்போர்ட், அங்க இருந்து ஒரு பிளேன், டெல்லில எறக்கி இன்னொரு பிளேன். நான் மேல சீட்டுல, அவன் கீழ லக்கேஜோட. டெல்லில கார்கோ ஷெட்டுக்குள்ள என்ன விடல. பாஸ் இல்லன்னுட்டாங்க. அவன தனியா விட்டுட்டு நான் வெளில நின்னுனு இருந்தன். ஒரு நாள் பூரா." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அவங்கம்மா என்ன கேட்டது அது ஒண்ணுதான். வழியெல்லாம் கூடவே இருந்தியாப்பான்னு. இருந்தன்மான்னு சொன்னன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியேடா," என்றார் அண்ணன்.

"சொல்லி?"

அண்ணன் வெளியே போய்க் குழாயில் முகம் கழுவினார். திரும்பி வந்து டேப்பை எடுத்தார். பெட்டியின் தலைப்பக்கம், ஜன்னலோரம், ஒரு இருக்கைக்கு அளவெடுத்தார். மகன் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். திங்கட்கிழமை அந்த இருக்கையை நான் படத்தில் சேர்த்தேன்.

அடுத்த மாதம் மூன்று அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். சார் புதுச்சட்டை போட்டிருந்தார். ஷெட்டைக் கழுவிவிட்டிருந்தோம். திரையில் எல்லா உபயோகங்களையும் காட்டிவிட்டு, கடைசியாக அவர்களை மர மாதிரிக்குள் அழைத்துப் போனார். விளக்கம் சொல்ல நான், எதையாவது கழற்றிக் காட்ட வேண்டி வந்தால் கார்ப்பெண்டர் அண்ணன். குறுகிய இடத்தில் ஆறு பேர் நெருக்கி நின்றோம், என்னைத் தவிர எல்லோரும் குனிந்தபடி.

மூத்த அதிகாரிக்குத் தலை நரைத்திருந்தது. பெட்டியை வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் இருந்த இருக்கை எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் சொன்னேன். தலையசைத்தார். பிறகு சாரிடம் மெல்லிய குரலில் சொன்னார், நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறீர்கள், ஆனால் இவர்களுக்கு இனி என்ன அவசரம், அவசரமுள்ள உயிரோடிருப்பவர்களுக்கே எங்களிடம் விமானம் போதவில்லை என்று. கேலி இல்லை. வருத்தத்தோடுதான் சொன்னார்.

"இன்னாம்மா சொல்றார்?" என்று அண்ணன் என் காதருகே கேட்டார்.

"செத்தவங்களுக்கு என்ன அவசரம்னு கேக்கறார்ணா," என்றேன்.

அவர் ஒரு அடி முன்னால் வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டார். "ஐயா, உள்ள படுத்துக்கிறவனுக்கு அவசரம் இல்லீங்க. அவன் கூட வர்றான் பாருங்க ஒரு பையன், அவனுக்கு அவசரம். வாசல்ல குந்தினு இருக்கறாங்க பாருங்க, அவங்களுக்கு அவசரம். எம்மவனும் அங்கதாங்க ஐயா இருக்கான். நாளைக்கு நான் எத்தினி நாள் குந்தினு இருக்கறது? நீங்க சொல்லுங்க."

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மற்ற இருவருக்கும் தெரியாது. "என்ன சொல்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. வந்தவர்கள் மனம் கோணக் கூடாது, ஆம்புலன்ஸுக்காவது அவர்கள் சரி சொல்ல வேண்டும், இருபத்திரண்டு பேர் அதை நம்பித்தான் இருக்கிறோம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நான் வாயைத் திறந்தபோது இதையெல்லாம் எடைபோட்டுப் பார்த்தேன் என்று சொன்னால் பொய். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். பெரிய மனிதர்கள் நிற்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று பார்த்து வளர்ந்தவள் நான்.

"கூரை தாழ்வாக இருக்கிறது, இறங்கும்போது தலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார், சார்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதிகாரியின் முகம் இளகியது. கார்ப்பெண்டர் அண்ணனின் தோளைத் தட்டினார். தேங்க் யூ என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு தலையைக் கவனமாகக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார்.

அண்ணன் அப்படியே நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "புரிஞ்சிக்கினார்ம்மா," என்றார். "பெரிய மனுசன். நீ நல்லா எடுத்துச் சொன்ன."

அன்று மதியம் தன் டப்பாவைத் திறந்து எனக்குப் பாதி களியும் கடலைச் சட்னியும் வைத்தார். சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். ஆட்டோ போகிற வழியெல்லாம் அந்த அதிகாரி தோளைத் தட்டியதைப் பற்றியே பேசினார். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நினைத்தேன். மூக்கண்டப்பள்ளி வந்துவிட்டது.

சார் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நல்லது செய்தாய் என்றோ, ஏன் அப்படிச் சொன்னாய் என்றோ கேட்கவில்லை. நாலு மாதம் கழித்து ஷெட்டை மூடினார்கள். அதிகாரிகளிடமிருந்து பதிலே வரவில்லை. கடைசி நாளில் சார் எங்கள் ஒவ்வொருவர் மேஜைக்கும் வந்து கை கொடுத்தார். பழைய மரம் வாங்குகிறவர்கள் கடப்பாரையோடு வந்து மாதிரியை உடைத்து வண்டியில் ஏற்றினார்கள். பெட்டியை முழுசாகவே எடுத்துப் போனார்கள். வார்னிஷ் நன்றாக இருக்கிறது, மேலே கண்ணாடி போட்டுக் கடையில் வைக்கலாம் என்று அவர்களில் ஒருவன் சொன்னான். அண்ணன் அன்றைக்கு வரவில்லை.

சார் அதன் பிறகு இரண்டு தடவை எனக்குப் போன் செய்தார். ஒரு தடவை, காட்டுத்தீ அணைக்க அந்த விமானத்தில் எவ்வளவு தண்ணீர் ஏற்றலாம், ஒரு சின்னப் படம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். போட்டு அனுப்பினேன். இரண்டாம் தடவை எதற்குக் கூப்பிட்டார் என்று அவருக்கே மறந்துவிட்டது.

நான் கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்டேன். கல்யாணம் ஆனது. ஒரு மாம்பழக்கூழ் ஆலையில், குழாய்கள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று படம் போடுகிறேன். சீசனில் உடம்பெல்லாம் மாம்பழ வாசனை அடிக்கும், வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் போகாது. இன்றுவரை விமானத்தில் ஏறியதில்லை.

போன வருடம் ஆலை வேலையாக ஓசூர் போனபோது பஸ் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்தேன். இளைத்திருந்தார். மாடுலர் கிச்சன் அலமாரிகள் செய்கிற இடத்தில் வேலை, மிஷினே எல்லாம் அறுத்துவிடுகிறது, தான் திருகாணி போடுவதோடு சரி என்றார். மகன் லீவில் வந்திருக்கிறான், வந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

வீட்டில் அவருடைய மச்சினர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அண்ணன் என்னை அவருக்கு அறிமுகம் செய்தார். "நான் சொல்வனே, ஆபீசர் முன்னாடி நான் பேசினத இங்கிலீசுல அப்பிடியே எடுத்துச் சொன்ன பொண்ணுன்னு. இதுதான்." பிறகு முழுவதையும் சொன்னார். வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள், கூட வருகிற பையன், எத்தனை நாள் குந்தியிருப்பது. பல தடவை சொல்லிச் சொல்லி வார்த்தைகள் ஒழுங்காகியிருந்தன. அதிகாரி தோளைத் தட்டிய இடத்தைத் தன் கையால் தொட்டுக் காட்டினார். "கண்ணுல தண்ணி வந்துடுச்சி அவருக்கு," என்றார். அதிகாரிக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. அண்ணனின் மனைவி எனக்கு டீ கொடுத்தார். குடித்தேன். "ஆமாம்ண்ணா," என்றேன்.

மகன் கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கிளம்பியபோது நெடுஞ்சாலைவரை கொண்டுவிடுகிறேன் என்று எழுந்து வந்தான். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கிருஷ்ணகிரி பஸ்ஸுக்காக நின்றோம்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுப்பா."

"நான் ஆபீசருங்கள தெனம் பாக்கறவன். அப்பா பேசின பேச்சக் கேட்டுட்டு ஒருத்தர் வெறும் தேங்க் யூன்னு சொல்லிட்டுப் போவாரா? என்னால நம்ப முடியல. நீங்க அவர்கிட்ட இன்னா சொன்னீங்க?"

நான் சொன்னேன். முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். கூரை தாழ்வு, தலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். பயந்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவன் சிரித்துவிடுவான் என்று ஒரு கணம் நினைத்தேன். சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

அவன் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க," என்றான். சற்றுக் கழித்து, "அன்னிக்கு அந்த ஆபீசர்கிட்ட நீங்க சொல்லியிருக்கலாம்க்கா," என்றான்.

பஸ் வந்தது. கையைக் காட்டி அதை நிறுத்தினான். நான் ஏறி உட்காரும்வரை நின்றுவிட்டு, திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தான்.